நகல் இருக்குமிடம்

செப்டம்பர் 28, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கணினியை யாரும் அணைப்பதில்லை. இது என் விதி. சுவரிலிருந்து யு.பி.எஸ்., யு.பி.எஸ்ஸிலிருந்து கணினி என்று மின்சாரம் தடையின்றி வருகிறது. நான்கு ஆண்டுகளாக ஆயுத பூஜை தவிர வேறெந்த நாளும் அது உறங்கியதில்லை. சென்ற ஆண்டு பூஜையின்போது நான் டெல்லியில் இருந்தேன். ஆகையால் அந்த ஓய்வும் அதற்குக் கிட்டவில்லை.

கணினியின் எதிரே அமர்பவள் என் மனைவி, டாக்டர் கலாமணி. அவள் கதிரியக்க மருத்துவர். மகளை வளர்க்கவும் என் தாயைப் பார்த்துக்கொள்ளவும் பதினான்கு ஆண்டுகள் தொழிலை விட்டிருந்தாள். ஐம்பதாவது வயதில் திரும்பி வந்தாள். இன்று தருமபுரியிலோ தென்காசியிலோ ஒருவருக்கு எடுக்கப்படும் நெஞ்சுப் படம் சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வடவள்ளியில் எங்கள் வீட்டின் கிழக்கு அறைக்கு வருகிறது. கலாமணி பார்த்து எழுதுகிறாள். மற்றவர்கள் 'இயல்பு நிலை' என்று கையெழுத்திட்ட படத்தில் எலும்பின் பின்னால் மறைந்திருந்த பயறளவுக் கட்டியைச் சென்ற மாதம் அவள் கண்டுபிடித்தாள். நிறுவனத்தின் சுற்றறிக்கையில் அவள் பெயர் வந்தது. நான் அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படங்கள் வரும் பாதைக்கு விபிஎன் என்று பெயர். பொது இணையத்தின் நடுவே நிறுவனத்துக்கும் இவ்வீட்டுக்கும் மட்டுமாகப் போடப்பட்ட மூடிய குழாய் என்று கொள்ளலாம். அதைத் திறக்க, நிறுவனம் வழங்கிய சான்றிதழ் அடங்கிய ஒரு சாவிக் கோப்பும் ஒரு கடவுச்சொல்லும் தேவை. இரண்டையும் நான் பராமரிக்கிறேன். இன்று காலாண்டுக் காப்பு நகல் எடுத்தேன். கணினியில் உலாவி முதலிய குப்பைகள் எதுவும் இல்லை. திரையின் அடியில் ஓடும் பட்டையையும் மறைத்துவைத்திருக்கிறேன். படத்தின் மீது எந்தக் குறுக்கீடும் விழலாகாது.

அடுத்த மாத நடுவில் நெஞ்சகப் பிரிவுக்குத் தலைமை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவர் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. ஒன்று சேலத்து டாக்டர் ஒருவருடையது. மற்றொன்று கலாமணியுடையது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கலாமணி இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருந்தாள்.

நான் உலோகவியல் படித்தவன். முப்பதாண்டுகள் அதைக் கற்பித்தவன். கருவிக்கு உயிருண்டு என்று நம்புகிறவன் அல்லன். ஆயினும் என் தந்தையின் வார்ப்படப் பட்டறையில் இந்த ஒரு நாள் உலை அவிந்திருக்கும், மெயின் சுவிட்ச் இறங்கியிருக்கும். அரைகுறை ஓய்வை அவர் அனுமதித்ததில்லை. நானும் அனுமதிப்பதில்லை. கணினியின் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் திறந்து ஊதுகருவியால் தூசு அகற்றினேன். சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

"ஆஃப் பண்ணி வெச்சாப் போதாதுங்களா? பிளக்கையுமா புடுங்கோணும்?" என்றாள் கலாமணி.

"ஓய்வுன்னா முழு ஓய்வு."

"மூணு நாள் முன்னதான் பேக்கப் எடுத்தேன்னீங்க. இப்ப அதுக்கும் பொட்டு வைப்பீங்களோ?"

வைத்தேன். வெளிவட்டுக்கும் பென்டிரைவுக்கும் வைத்தேன். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

கலாமணியின் அண்ணன் ஆறுச்சாமி மாலையில் பொரி, கடலையோடு வந்தார். பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். கணினியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இதுக்கு கிரீஸ் எங்கீங்க அடிக்கறது?"

"இதுக்குத் தேவையில்லீங் மச்சான். உங்க வாய்க்கு வேணா அடிக்கலாம்."

"பாத்தியா கலாமணி, புரபசருக்கு இன்னிக்குத்தான் ஒரு ஜோக்கு வந்திருக்குது. அதுக்கும் சேத்து சூடம் காட்டிருங்க."

நாளை மறுபூஜை முடித்து இயந்திரத்துக்கு உயிர் கொடுப்பேன்.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை முடிந்தது. கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி தோன்றி, ஒரு விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். முழு ஓய்வெடுத்த இயந்திரம் சோம்பல் முறிப்பது இயல்பே. திரை வழக்கம்போல் வந்தது. கலாமணிக்கு நாளைதான் பணி.

அக்டோபர் 3, வெள்ளி

காலை எட்டு மணிக்கு அவள் அமர்ந்தாள். விபிஎன் திறக்கவில்லை. 'சான்றிதழ் செல்லாது. இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது திரை.

நான் செய்தவற்றை முறைப்படி எழுதுகிறேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். என் கைப்பேசியின் இணைப்பைக் கொடுத்துப் பார்த்தேன். தடுப்புச்சுவர் மென்பொருளின் விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பின்னர் விபிஎன் மென்பொருளையே அகற்ற முடிவு செய்தேன். அதற்கு முன் அதன் அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் இன்னொரு முறை வெளிவட்டில் நகலெடுத்தேன். நகலெடுக்காமல் அகற்றுபவர்கள் எனக்குப் புரியாத இனம். மென்பொருளை மீண்டும் நிறுவி, ஞாயிறன்று எடுத்த நகலிலிருந்து சாவியைப் பொருத்தினேன். எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் திரும்பி வந்தது. அதே பிழைச் செய்தியும் வந்தது.

கலாமணி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரை அழைத்தாள். திலீபன் என்று பெயர். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன்.

"சர்வர் பக்காவா ஓடுது மேடம். நாப்பது டாக்டர்ஸ் உள்ள இருக்காங்க. உங்க சைடுதான் எதுனா இருக்கும். வீட்ல இருந்து பண்றவங்களுக்கு இதான் மேடம், ஒரு நாள் நெட் போவும், ஒரு நாள் கரென்ட் போவும், ஒரு நாள் கெஸ்ட்டு. லீவு வேற போட்டீங்களே, அதுலேருந்து எதுனா மாத்தினீங்களா?"

'வீட்ல இருந்து பண்றவங்க.' நான் கைப்பேசியை வாங்கினேன்.

"நான் அவருடைய கணவர். இந்தக் கணினியைப் பராமரிப்பவன்."

"ஓகே சார், நோ பிராப்ளம். ஒரு நாலஞ்சு பேசிக் செக் இருக்கு, ஒண்ணொண்ணா சொல்றேன். நெட் வருதா, சிஸ்டத்துல டேட்டு டைமு..."

"தம்பி, நான் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். எனக்கு அரிச்சுவடி வேண்டாம்" என்று சொல்லித் துண்டித்தேன். குரலை உயர்த்தவில்லை. நான் எப்போதும் குரலை உயர்த்துவதில்லை.

"அந்தப் பையன் சொல்றதைக் கேட்டிருக்கலாமுங்க" என்றாள் கலாமணி.

"அவன் உன்னை என்ன சொன்னான்னு கேட்டியா?"

"கேட்டேன். காதுல விழாம இருக்குமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் படவேண்டியிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

முடிவுக்கு வந்துவிட்டேன். சான்றிதழ் செல்லாதென்றால் அதை வழங்கியவர்கள் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள் என்றுதான் பொருள். தவறு சென்னையில். அதை மறைக்க இவ்வீட்டின் மீது பழி போடுகிறார்கள்.

என் மடிக்கணினியில் கடிதம் எழுதினேன். கலாமணியின் மின்னஞ்சல்களை எப்போதும் நானே வரைகிறேன். அவளுக்குப் படங்கள் இருக்கின்றன, எனக்கு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வந்தது. அதன் சாரம்: 'உங்கள் நிர்வாகக் குறைபாட்டை ஒரு மருத்துவரின் இல்லத்தின் மீது சுமத்தும் துணிச்சலை, அடிப்படைத் தகுதியற்ற ஓர் ஊழியருக்கு யார் அளித்தது என அறிய விரும்புகிறேன். சான்றிதழைப் புதுப்பிப்பது உங்கள் கடமை. அதை நினைவூட்டுவது என் கடமையன்று.' மருத்துவ இயக்குநர் டாக்டர் பத்மினி வரதனுக்கு அனுப்பி, நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் நகல் வைத்தேன். கீழே கலாமணியின் பெயர், பட்டங்களுடன்.

நல்ல கடிதம். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. கல்லூரி வேலையை விட்டு வெளிவந்த ஆண்டில் அதன் முதல்வருக்கு எழுதியதற்குப் பிறகு இவ்வளவு கட்டுக்கோப்பான ஒன்றை நான் எழுதவில்லை.

"லெட்டர் போட்டுட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"போட்டாச்சு."

"என்னன்னு?"

"வேண்டியதை."

அக்டோபர் 5, ஞாயிறு

பதில் இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்தவற்றை வரிசையாக எழுதவேண்டும்.

காலையில் திலீபன் அழைத்தான். குரலில் முன்பிருந்த வழவழப்பு இல்லை. கலாமணியின் பட்டியலிலிருந்த படங்களைச் சேலத்து டாக்டருக்கு மாற்றிவிட்டதாகவும், இது இயக்குநரின் முடிவு என்றும் சொன்னான். "உங்க மெயில் பாத்தேன் மேடம்" என்று சொல்லி நிறுத்தினான். கலாமணி, "எந்த மெயிலு?" என்பதற்குள் வைத்துவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கணினியின் பின்னால் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணினி முன் அமர்ந்தாள். இணைப்பில்லாமலே திறக்கக்கூடியது ஒன்று உண்டு. புதியவர்கள் பழகுவதற்கென நிறுவனமே தந்த மாதிரி அறிக்கை அது. கற்பனையான ஒரு பெண்மணி, கற்பனையான ஒரு நெஞ்சுப் படம். கை சும்மா இருக்கமாட்டாமல் அதைத் திறந்தாள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. இந்தம்மாவுக்கு இளமை திரும்பிருச்சு."

"என்ன?"

"போன மாசம் பாக்கறப்ப அறுபத்தொண்ணு. இப்ப நாப்பத்தஞ்சுன்னு காட்டுது. பொறந்த தேதி அதேதான். இந்த மிசினு இன்னிக்கு எந்த வருசம்னு நெனச்சுட்டு இருக்குது?"

அவள் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் மூலையைப் பார்ப்பவள். பெயர், வயது, தேதி, இடமா வலமா என்பது. அவை சரியென்று தெரியாமல் நுரையீரல் பக்கம் கண்ணைத் திருப்பமாட்டாள். கல்லூரியில் அப்படிப் பழகியதாகச் சொல்வாள். மறைந்திருந்த பட்டையை வெளியே கொண்டுவந்தேன். 2009, ஜனவரி.

இனி விளக்கம் எளிது. மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருக்கக் கணினியின் உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது எப்போதோ செத்திருக்கிறது. கணினி அணைக்கப்படாத வரையில் அந்தச் சாவு யாருக்கும் தெரியவில்லை. பிளக் பிடுங்கப்பட்டதும் தேதி, தயாரித்தவர்கள் இட்ட தொடக்க நாளுக்கே பின்னோக்கி ஓடிவிட்டது. சென்ற ஆண்டு வழங்கிய சான்றிதழ் 2009இல் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே செல்லாது. மென்பொருள் 'உங்கள் தேதி தவறு' என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வகை அசிரத்தையை நான் கண்டிக்கிறேன்.

தேதியைத் திருத்தினேன். அழுத்திய கணத்தில் விபிஎன் திறந்தது.

நான் எதிர்பார்த்தது ஒரு புன்னகை. கலாமணி நேராகத் தன் கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தாள். இயக்குநரின் பதில் அதற்குள் வந்திருந்தது. மூன்று வரிகள். 'உங்கள் கடிதத்தின் தொனி வியப்பளித்தது. சான்றிதழ் அடுத்த ஆண்டுவரை செல்லுபடியாகும். வியாழன் பதினொரு மணிக்கு வீடியோவில் சந்திப்போம்.' அதன் கீழே என் கடிதம் முழுவதும் இருந்தது. அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள், படத்தைப் படிப்பதுபோலவே.

"அந்தப் பையனை நான் 'அடிப்படைத் தகுதியற்ற'ன்னு சொன்னேனுங்களா?"

"வாக்கியம் சரியாத்தான் இருக்குது."

"வாக்கியம் சரியா இருக்குதுங்க. நான் அப்படிச் சொன்னேனான்னு கேட்டேன்."

"உன்னைத் தாழ்த்திப் பேசினான்."

"எங்கிட்டத்தானே பேசினான்? பதிலும் நானே சொல்லியிருப்பேனுங்க. இப்ப அவன் சொன்னது சரின்னு ஆகிப்போச்சு. கோளாறு வீட்டுலதான் இருந்திருக்குது."

நான் கடைவீதிக்குப் போய்ப் புதிய பேட்டரி வாங்கிவந்து பொருத்தினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வியாழனுக்கு முன் நிலைமையைச் சீர்செய்ய இரண்டாவது கடிதம் ஒன்றை வரைந்தேன். முதல் கடிதத்தின் நியாயத்தை விட்டுக்கொடுக்காமலும், புதிதாகத் தெரியவந்த தொழில்நுட்பத் தகவலை உரிய இடத்தில் வைத்தும், பிழைச் செய்தியின் தெளிவின்மையைச் சுட்டியும். அச்செடுத்து அவள் தட்டின் அருகில் வைத்தேன். அவள் அதன் மேல் சட்னிக் கிண்ணத்தை வைத்தாள்.

"இனிமே எம் பேருல ஒரு வரி வேண்டாமுங்க."

"நல்லதுக்குத்தான் எழுதறேன். ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்லு."

"படிக்க வேண்டாம். நல்லாத்தான் இருக்கும். நீங்க காலேஜுக்கு எழுதின லெட்டரும் ரொம்ப நல்லாத்தான் இருந்துச்சு."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

கலாமணி திலீபனை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். கூடத்தில் செய்தித்தாளுடன் இருந்த என் காதில் விழுந்தது. "உங்களைச் சொன்னது தப்புங்க தம்பி. நீங்க சொன்ன செக்கைப் பண்ணியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள். அவன் ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். பிறகு அவன், அவள், இருவருமாகக் கால் மணி நேரம் விபிஎன் அமைப்பைப் பற்றிப் பேசினார்கள். அவள் குறித்துக்கொண்டாள்.

நடந்ததைப் பதிவு செய்கிறேன். கருத்துச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறுச்சாமி வந்தார். தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவேண்டும். "மாப்ள, அடுத்த வருசம் எம் பட்டறைக்கு வந்து ஒரு மோட்டாருக்கு முழு ஓய்வு குடுங்களேன்" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

பதினொரு மணி. கலாமணி மயில்கழுத்து நிறச் சேலையில் இருந்தாள். நான் பக்கத்தில் அமர்வதாகச் சொன்னேன். "வேண்டாமுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில உக்காருங்க. கேமராவுல விழாதீங்க. வாயத் தெறக்காதீங்க" என்றாள். என் வீட்டில், நான் அமைத்த அறையில், பீரோவுக்கும் சன்னலுக்கும் இடையிலான முக்காலியில் அமர்ந்தேன்.

திரையில் டாக்டர் பத்மினி வரதன் வந்தார். நரைத்த, குட்டையாக வெட்டிய முடி. என் வயதுதான் இருக்கும்.

"சொல்லுங்க கலாமணி. என்ன ஆச்சு? உங்க ரிப்போர்ட் எல்லாம் நான் படிச்சிருக்கேன். அதை எழுதினவங்களா இந்த லெட்டரை எழுதினாங்கன்னு எனக்கு ஆச்சரியம்."

கலாமணி ஒரு வினாடி கூடத் தயங்கவில்லை.

"நான் எழுதலீங் மேடம். என் வீட்டுக்காரர் எழுதினாரு. எம் பேருல, எனக்குக் காட்டாம. கோளாறும் எங்க கம்ப்யூட்டர்லதான். பூஜைக்குப் பிளக்கைப் புடுங்கினோம், தேதி மாறிப்போச்சு. உங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல."

முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். இப்படியொரு குற்றப்பத்திரிகையை மூன்றாம் மனிதர் முன்னால் என்னைப் பற்றி யாரும் வாசித்ததில்லை. எழுந்து வெளியேறியிருப்பேன். ஆனால் கதவுக்குப் போகும் வழி கேமராவின் குறுக்கே இருந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லெட்டரை விடுங்க. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு சொல்றீங்க. உங்க பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும்?"

"தெரியும்."

"விபிஎன் சாவி?"

"அவருதான் வெச்சிருக்காரு."

"பேஷன்ட்டோட படம் வர்ற வழி அது. அக்ரிமென்ட்ல என்ன இருக்குன்னு தெரியும்ல? இதுக்காகவே உங்க காண்ட்ராக்டை நான் இன்னிக்கு நிறுத்தலாம். எத்தனை காப்பி இருக்கு அந்தச் சாவிக்கு?"

கலாமணிக்குத் தெரியாது. அவள் மூலையைப் பார்த்தாள்.

"அவர் அங்கதான் இருக்காரா?" என்றார் இயக்குநர். "வரச் சொல்லுங்க."

முக்காலியை இழுத்துக்கொண்டு திரைமுன் வந்தேன். 'ஒன்றுதான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கலாமணிக்கு அனுகூலம். சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. ஆனால் என் காப்பு நகல்களைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. இந்த நேரத்துக்காக அதைத் தொடங்குவதாகவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"கணினியில் உள்ளதைத் தவிர நான்கு. வெளிவட்டில் ஒன்று. பென்டிரைவில் ஒன்று. என் மேசை இழுப்பறையில் குறுந்தட்டு ஒன்று. நான்காவது வங்கி லாக்கரில், நகைகளோடு."

"லாக்கர்லயா?"

"தீ விபத்து ஏற்பட்டால்."

இயக்குநர் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. "எங்க ஐடி டீமே இவ்வளவு பத்திரமா வெச்சதில்ல சார். ஆனா வெச்சிருக்கறது தப்பான ஆள்."

நான் பேச வாயெடுத்தேன். நன்கு கட்டிய ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. கலாமணியின் கை மேசைக்கடியில் என் முழங்கால் மீது வந்து அழுத்தியது. வாக்கியத்தை விழுங்கினேன்.

"கலாமணி, நெஞ்சகப் பிரிவை உங்ககிட்ட குடுத்தா இருபது டாக்டர்ஸ் உங்களுக்குக் கீழ வருவாங்க. எல்லாரும் வீட்ல இருந்து பண்றவங்க. அதுல பாதிப் பேர் வீட்ல இதே மாதிரி ஒருத்தர் இருப்பாரு, அப்பாவோ, புருஷனோ, மகனோ. என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல என் வீட்டுல பண்ணிட்டு வர்றேனுங் மேடம்."

சொன்ன விதத்தில் மிடுக்கு இல்லை, குழைவும் இல்லை. அறிக்கையின் கடைசி வரியை எழுதுவதுபோல் சொன்னாள். இயக்குநர் கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். இன்றே பழைய சாவியை ரத்து செய்வதாகவும், புதியதைக் கலாமணி மட்டுமே பொருத்தவேண்டுமென்றும், பழைய நகல்கள் யாவும் அழிக்கப்பட்டபின் தமக்குத் தெரிவிக்கவேண்டுமென்றும் சொன்னார். மற்றது அதன் பிறகு.

திரை அணைந்தது. "மூணாவது மனுசி முன்னால..." என்று தொடங்கினேன்.

"நாலு காப்பின்னு நெஜத்தைச் சொன்னீங்களே" என்றாள். "அதுக்கு நன்றிங்க."

நான் மிகுந்த கோபத்தில் இருக்கிறேன். யார் மீது என்பதை இங்கு குறிப்பிட அவசியமில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வங்கிக்குப் போய் லாக்கரிலிருந்து எடுத்துவந்தேன். நான்கையும் மேசைமேல் அடுக்கினேன். ஒவ்வொன்றின் மீதும் என் கையெழுத்தில் தேதி, உள்ளடக்கம், வரிசை எண். இரண்டின் மேல் குங்குமம் இன்னும் இருந்தது.

அழிப்பதைக் கலாமணி செய்தாள். திலீபன் தொலைபேசியில் படிப்படியாகச் சொன்னான். அவள் ஒவ்வொரு படியையும் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தாள். நான் பின்னால் நின்றேன். விசைப்பலகையைத் தொட எனக்கு அனுமதியில்லை. லாக்கரிலிருந்து வந்த வட்டில் ஒரு கோப்புறையை அவள் விட்டுவிடப் போகிறாள் என்று பார்த்தேன்; சொல்லக் கூடாதென்று பற்களைக் கடித்தேன். அவள் திரும்பிப் போய் அதையும் கண்டு அழித்தாள்.

குறுந்தட்டை உடைக்கவேண்டும். நீட்டினாள். "நீங்களே ஒடைங்க. அது உங்களுது." உடைத்தேன்.

புதிய கடவுச்சொல்லை இடும் நேரம் வந்தது. "கொஞ்சம் திரும்பிக்குங்க" என்றாள். முப்பத்தோராண்டுத் தாம்பத்தியத்தில் அவள் என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்வது இதுவே முதன்முறை. சன்னலுக்கு வெளியே மருதமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. விசைகளின் ஓசை நீண்டநேரம் கேட்டது. நீளமான கடவுச்சொல். நல்லது.

அக்டோபர் 13, திங்கள்

அவள் பணியில் இருக்கிறாள். நான் வெளியே பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

இயக்குநர் தாமே அழைத்துச் சொன்னார். நெஞ்சகப் பிரிவு கலாமணிக்கு. சேலத்து டாக்டர் அவளுக்குக் கீழ் பணிபுரிய இசைந்திருக்கிறார். கலாமணி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். பிறகு, "காபி போடறீங்களா?" என்றாள். போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது. குடித்தாள்.

பதினான்கு ஆண்டுகளை ஒரு பெண் எங்கிருந்து மீட்டெடுக்கிறாள்? அவற்றுக்கு நகல் எவரிடமும் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

மாலையில் அவளுடைய முதல் சுற்றறிக்கை இருபது மருத்துவர்களுக்கும் போயிற்று. நான் வரையவில்லை. அனுப்பிய பின்னரே படிக்கத் தந்தாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பேசுவதைப்போல எழுதியிருந்தாள். ஆயுத பூஜைக்குக் கணினியின் பிளக்கைப் பிடுங்குவோர் மறுநாள் தேதியைச் சரிபார்க்கவும் என்று ஒரு வரி அதில் இருந்தது. என்னைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. இரண்டு இடங்களில் நான் வேறு சொல்லைப் போட்டிருப்பேன். அவளிடம் கூறவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மகள் காலையில் வருகிறாள். வீடு முழுதும் எண்ணெய் வாசனை.

இதற்கு நடுவில் கலாமணி ஒரு காரியம் செய்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விபிஎன் மென்பொருளைத் தானே முழுவதுமாக அகற்றினாள். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த நான் ஓடிவந்தேன்.

"என்ன பண்ற? ஓடற மிசினை ஏன் கெடுக்கற?"

"திரும்ப வருதான்னு பாக்க வேண்டாமா? வராத பேக்கப் எதுக்குங்க?"

கையில் மாவோடு நின்றேன். இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதே இல்லை. நான்கு ஆண்டுகளில் எடுத்த நகல்களில் ஒன்றைக்கூட, தேவை வருமுன் நான் திருப்பிப் போட்டுச் சோதித்ததில்லை.

அவள் நிறுவினாள். என்னைக் கூடத்துக்குப் போகச் சொன்னாள். இழுப்பறையோ பீரோவோ திறக்கும் சத்தம் கேட்குமா என்று காது கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன். விபிஎன் திறந்திருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தென்காசியிலிருந்து யாரோ ஒருவரின் நெஞ்சுப் படம் திரையில் விரிந்துகொண்டிருந்தது. அவள் கண் முதலில் அதன் மூலைக்குப் போயிற்று.

"நகலை எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டேன்.

"முறுக்கு தீயுது பாருங்க" என்றாள்.

சமையலறைக்குப் போனேன். தீயவில்லை. நன்றாகவே வெந்திருந்தது. சாவியின் நகல் இவ்வீட்டில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. இதைவிடச் சரியாக ஒரு நகலைப் பாதுகாத்தவரை நான் கண்டதில்லை.